சீனியின் முதுகு

செவ்வத்தைத் தோட்டம், மேற்பிரிவு,
பெரகல.
21.03.1999

அன்பு மகள் விஜயலெட்சுமிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. முருகன் காவலில் நானும் அப்பாவும் குளிரும் இருமலும் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், குவைத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி உடம்பும் மனசும் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் இருமலை விசாரிப்பதற்கு முன்னாலேயே சீனி எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு அப்பா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நாய்க்குட்டியைத் தூக்கி வந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனவள் நீ, கேட்காமல் இருப்பாயா. போன கடிதத்தில் அவள் சுகம் என்று நான் எழுதியது பொய். யாரோ ஒருத்தி வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு நீ நாயை நினைத்து அழுவாயே என்று மறைத்துவிட்டேன். இப்போது சொல்லலாம், அழகையா கங்காணியின் கொட்டத்தை அடக்கியாகிவிட்டது.

தை மழை விட்ட பிறகு சீனி சொறியத் தொடங்கினாள். வாலுக்கு மேலே முதுகில் கடித்துக் கடித்து முடியெல்லாம் போய்த் தோல் சிவந்துவிட்டது, சோறு வைத்தால் ஒரு வாய் தின்பாள், உடனே திரும்பிக் கடிப்பாள், சுவரில் உரசி உரசி நம் வீட்டுச் சுண்ணாம்பே உதிர்ந்துபோனது. நம் லயத்தில் கடைசி வீட்டில் இருக்கிற கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்கும்போது, "ஏ இராக்கம்மா, ஒன் வீட்டுச் சொறி நாய ஒழிச்சிடு, இல்லாட்டி நானே மருந்து வச்சுடுவேன், புள்ளைங்களுக்கு ஒட்டுனா யாரு பாக்குறது" என்று கத்தினான். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நின்றேன், என் கூடத் தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்றைக்கு முழுக்க எந்தக் கொழுந்தைக் கிள்ளினாலும் அவன் காதைத் திருகுவதுபோல நினைத்துக்கொண்டே கிள்ளினேன்.

அதோடு விட்டானா, நான் மலையில் இருந்தபோது ஆளை வைத்துச் சீனியைப் பிடித்துக் கட்டி, தொழிற்சாலை என்ஜினில் வடித்த கறுப்பு ஒயிலை அவள் மேல் ஊற்றிவிட்டான். தோட்டத்தில் சொறி நாய்க்கெல்லாம் அதைத்தானே செய்கிறார்கள், அதனால் யாரும் அவனைத் தட்டிக் கேட்கவில்லை. நான் வந்து பார்க்கும்போது வாசலில் கறுப்பாக ஒன்று கிடந்து முனகுகிறது, நம் சீனி என்றே தெரியவில்லை மகளே. நக்கி நக்கி வாந்தி எடுத்திருந்தாள், முதுகு கொப்பளித்திருந்தது. நான் அழவில்லை. வேலியோரத்தில், பட்டாலே அரிக்கிற காஞ்சொறி இலை பிடுங்கி வந்து அவன் காயப்போட்ட பனியனுக்குள் தேய்க்கப் போனேன், அப்பாதான் கையைப் பிடித்து, "மொதல்ல நாயப் பாரு, அவன் எங்கயும் ஓடிற மாட்டான்" என்றார். அந்த மனுசன் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படி.

மறுநாள் வேலைக்குப் போகாமல், என் பழைய கொழுந்துக் கூடையில் சீனியை உட்காரவைத்துச் சேலையால் மூடி முதுகில் மாட்டிக்கொண்டு ஹப்புத்தளையில் ரயிலேறிப் பதுளைக்குப் போனேன். மிருக வைத்தியர் புஹாரி டொக்டர் கோபப்படாமல் பார்த்தார். முடியை விலக்கி அடியில் கிடந்த கறுப்புத் தூளை ஈரப் பஞ்சில் தேய்த்தார், பஞ்சு சிவப்பாகியது. "இது சொறி இல்லம்மா, தெள்ளுப் பூச்சி குடிச்ச ரத்தம், சில நாய்க்கு ஒரு கடியே போதும், ஒடம்பு பூரா அரிக்கும்" என்றார். ஒயில் விஷம், துணி துவைக்கிற சவர்க்காரமும் போடக்கூடாது, தேங்காய் எண்ணெய் தடவி ஒயிலை இளக்கித் துடைத்துவிட்டு, குழந்தைச் சவர்க்காரம் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவச் சொன்னார். ஊசி போட்டு மருந்தும் தந்தார். படுக்கிற துணியை எல்லாம் கொதிநீரில் போடச் சொன்னதால் உன் பழைய பாவாடையும் போய்விட்டது, கோபிக்காதே. கடைசியில், "பகல்ல எங்க படுக்கும்" என்று கேட்டார். வெயில் காய அவள் படுப்பது கங்காணியின் ஆட்டுக் கொட்டிலில் என்றேன். "அப்ப அந்தக் கொட்டில் மண்ணுலதான் தெள்ளு இருக்கு" என்று, அதை ஒழிக்கிற வழியும் சொல்லித் தந்தார். திரும்பி வரும்போது ரயிலில் நான் சிரித்துக்கொண்டே வந்ததைப் பார்த்து எதிரில் இருந்த ஆள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

விடிந்ததும் அப்பாவின் வெள்ளை வேட்டியை நனைத்துப் பிழிந்து அந்தக் கொட்டில் மண்ணில் இழுத்தேன். சுருட்டிக்கொண்டு நேராகப் பெரட்டுக் களத்துக்குப் போய், சின்னதுரையும் கணக்குப்பிள்ளையும் பார்க்கக் கங்காணியின் காலடியில் விரித்தேன். வேட்டியெங்கும் தெள்ளுகள் கறுப்பாகத் துள்ளின. "கங்காணியாரே, இது என் வீட்டு வியாதி இல்லீங்க, உங்க வீட்டு விருந்தாளி" என்றேன். அவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆடினான் பார், அன்றைக்குச் சிரிக்காத ஆள் இல்லை, அந்தப் பெண்களும்தான். தெள்ளை ஒழி, இல்லாவிட்டால் ஆட்டை விற்றுவிடு என்று சின்னதுரை சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமே அவன் பெண்சாதி பின்வாசலால் வந்தாள். பேத்தியின் காலெல்லாம் கடித்துத் தடித்திருக்கிறதாம், என்ன செய்வது என்று கேட்டாள். பிள்ளைக்குச் செய்வதை உடனே சொன்னேன், குழந்தையிடம் எனக்கென்ன பகை. கொட்டிலைச் சுத்தம் பண்ணுகிற வழியை மட்டும் கங்காணி வந்து கேட்டால்தான் சொல்வேன் என்றேன். வந்தான். சீனியின் முடி முழுக்க முளைக்கும்வரை ஞாயிறுதோறும் அவளை நீதான் குளிப்பாட்ட வேண்டும், சம்மதமா என்றேன். மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தேன். கற்பூரத்தில் அடித்த சத்தியத்தை மீற அவனுக்குத் தைரியம் கிடையாது. இப்போது ஞாயிறுதோறும் பீலித் தண்ணீரில் குளிக்க வருகிற சனமெல்லாம் பார்க்க, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நம் சீனிக்கு எண்ணெய் தடவி நுரை தேய்க்கிறான். மொனராகலை பஸ்காரரிடம் சொல்லி வேப்பிலையும் அவனே எடுப்பித்து அவிக்கிறான். சீனி நன்றாகத் தின்கிறாள், தூங்குகிறாள். இதில் எனக்கு ஒரு வருத்தம்தான், அந்தப் படுபாவியைக் கண்டால் இப்போது வாலாட்டுகிறாள்.

சவர்க்காரத் தண்ணீரில் உன் கை வெடிக்கிறது என்று எழுதியிருந்தாய், படுக்கும்போது தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள், வீட்டுக்காரியிடம் கையுறை கேள், தரமாட்டேன் என்றால் அவள் பேரை எனக்கு எழுது. மாரியாத்தா துணையிருப்பாள், தீர்க்காயுசாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போன கிழமை சீனியை மறுபடி டொக்டரிடம் காட்டினேன், ஒயில் வெந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இனி முடி முளைக்கவே முளைக்காதாம். அதை நான் கங்காணியிடம் சொல்லவில்லை. நீயும் இங்கே யாருக்குக் கடிதம் எழுதினாலும் சொல்லிவிடாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா இராக்கம்மா