நாலு மணிச் சோறு

நேற்றுப் பின்னேரம் உன் தம்பியின் மகள் வந்துபோனாள். நீ போய் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மூன்று நாள் என்றாள். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதியை என் மடியில் வைத்தாள். பிரிக்கும்போதே தேங்காயெண்ணெய் மணம் வந்தது. உள்ளே அந்தப் பிரம்பு வளையம். அறுபது வருடத்துக்கு முன்னர் எங்கள் வகுப்புச் சண்முகநாதன் நெருப்பில் வாட்டி வளைத்தது. இரண்டு நுனியிலும் தோல்வார் கட்டிய தழும்பு அப்படியே இருக்கிறது.

"மாமி கடைசி மட்டும் இதுக்கு எண்ணெய் பூசித்தான் வைச்சிருந்தவா. உங்களிட்டக் குடுக்கச் சொல்லிப் பேரும் சொல்லிப்போட்டுத்தான் போனவா" என்றாள். "என்ன அன்ரி இது, கூடைப் பிடியோ?"

ஓம் பிள்ளை, கூடைப் பிடிதான் என்றேன். பார்த்தாயா, எழுபத்தைந்து வயது தாண்டியும் இந்த விஷயத்தில் எனக்குப் பொய்தான் முதலில் வாயில் வருகிறது. உனக்கு மட்டும்தான் உண்மை தெரியும். நீயும் போய்விட்டாய். ஆகவே உனக்கே எழுதுகிறேன். நீ வாசிக்க மாட்டாய் என்பது பழைய கதை. நீ உயிரோடு இருந்தபோதும் எல்லாவற்றையும் நான்தானே உனக்கு வாசித்துக் காட்டினேன்.

அம்மாள் வருத்தம் வந்து, அம்மை உன் கண் இரண்டையும் கொண்டுபோனபோது உனக்குப் பதினொரு வயது. வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் அப்போது காட்டுமரக் கட்டைகள்கூட முழுதாகக் கிளப்பி முடியவில்லை. மூன்று வருடம் வீட்டுக்குள் கிடந்தாய். பிறகு அழுது அடம்பிடித்து வகுப்புக்கு வந்து என் வாங்கில் என் பக்கத்தில் இருந்தாய். மாஸ்டர் ஒருதரம் வாசித்தால் போதும், நீ வரி பிசகாமல் திருப்பிச் சொல்லுவாய். பரீட்சையில் எனக்கு விடை மறந்தால் உன் குரலில்தான் அது ஞாபகம் வரும். நான் பாஸ் பண்ணியதெல்லாம் உன் புண்ணியம். இதை நான் ஒருநாளும் உன்னிடம் சொன்னதில்லை.

ஒரு மைல் தூரம் உன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவாய், போவாய். அந்த வருடம் அவவுக்கு வயிற்றில் உன் தம்பி. ஐப்பசி வந்தால் வயலிலும் விதைப்பு. உன் அப்பா பள்ளிக்கூட வாசலில் நின்று எங்கள் எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "ஐப்பசி விதைப்புக்குள்ள தன்ரபாட்டில வந்து போகேலுமெண்டால் படிக்கட்டும். ஏலாட்டி சுன்னாகத்தில தங்கச்சி வீட்டில விடுறன். அங்க மாவாவது இடிச்சுக் குடுத்துக்கொண்டு இருக்கட்டும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. களைத்துப்போன மனிதர். ஆனாலும் அன்று உன் முகத்தை நான் பார்த்தேன். பள்ளிக்கூடம் இல்லாமல் போனால் உனக்கு எல்லாமே போச்சு.

அதற்குச் சில மாதம் முன்னர்தான் விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்டர் ஒரு ஆங்கிலச் சஞ்சிகையை விரித்துப் படம் காட்டியிருந்தார். வெளிநாட்டில் கண் தெரியாதவர்களை நாய்கள் கூட்டிக்கொண்டு திரிகின்றனவாம். அந்த நாய்களைக் குட்டியிலேயே எடுத்து, ஒரு சதமும் வாங்காமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கள் வீடுகளில் வளர்த்துப் பழக்கிக் கொடுக்கிறார்களாம். அவ்வளவுதான் அவர் சொன்னார். பிறகு மாற்றலாகிப் போய்விட்டார், சஞ்சிகையையும் கொண்டு. மிச்சம் என்ன எழுதியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாதென்றும் தெரியாது. நாங்கள் தொடங்கிவிட்டோம்.

நாங்கள் என்றால் நான், மகேஸ்வரி, சண்முகநாதன். கண்டாவளையில் ஒரு வேட்டைக்காரர் வீட்டில் நாய் குட்டி போட்டிருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சண்முகநாதன் சைக்கிளில் போய்ப் பனையோலை உமலுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. ஜிம்மி என்று பேர் வைத்தது நீ. காலையில் மகேஸ்வரி வீட்டில் சாப்பாடு, மத்தியானம் சண்முகநாதன் வீட்டில், பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் வீட்டில் மீன்தலை போட்ட சோறு. ஒருவர் தலையில் மட்டும் பாரம் விழக்கூடாது என்று நாங்கள் கண்ட நியாயம்.

நீ கேட்டாய். எனக்கு நல்ல ஞாபகம். "ஒரு நேரச் சோத்தை நான் போடுறன். என்ர பங்கை நான் குடுக்கிறன், அம்மாட்டக் கேட்டிட்டன்" என்றாய்.

"நீ ஏன் கஸ்டப்படுறாய்? உனக்காகத்தானே செய்யிறம். நீ சும்மா இரு" என்றேன் நான்.

பெரிய தர்மப் பிரபுக்கள் நாங்கள்! உதவி செய்கிறோம் என்ற கர்வத்தில் கண் மண் தெரியவில்லை. மூன்று வீட்டில் அந்த நாய் வளர்ந்தது. அது ஒருநாளும் வாய் வைக்காத வீடு உன் வீடு ஒன்றுதான்.

பழக்கியதில் மட்டும் குறைவில்லை. விடியற்காலையில் ஒருதரம், பின்னேரம் அது தின்று முடித்த பிறகு ஒருதரம். மாட்டுத் தோல்வாரை அதன் நெஞ்சில் கட்டி, முதுகுக்கு மேலே பிரம்பு வளையம். "நில்", "போ", "வீடு" என்ற மூன்று சொல். உன்னிடம் கொடுக்க முன்னர் நாங்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தோம். மகேஸ்வரி வாய்க்காலுக்குள் விழுந்தாள். சண்முகநாதன் நடு றோட்டில் படுத்திருந்த எருமையைக் கட்டிப்பிடித்தான். நீ மதகுக் கட்டில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சிரிப்பில் சண்முகநாதன் வாய் தவறி, "குருட்டிக்கு நல்ல புளுகம், சந்தோசத்தைப் பார்" என்றான். நான் அவன் முதுகில் அடிமட்டத்தால் விளாசினேன். அந்தச் சொல்லை எங்கள் வகுப்பில் எவரும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நான்தான் வாங்கினேன்.

ஆவணி மாதம் ஒருநாள் விடிய, வாய்க்கால் றோட்டில் முதன்முதல் உன்னைத் தனியே நடக்கவிட்டோம். நாங்கள் பின்னால் வந்தோம். ஐம்பது அடி போயிருப்பாய், நின்றாய். பயந்துவிட்டாய் என்று நினைத்து ஓடி வந்தேன்.

"எடி, காத்து நேரா முகத்தில அடிக்குது!" என்றாய்.

ஐந்து வருடமாக யாரோ ஒருவரின் முதுகுக்குப் பின்னாலேயே நடந்தவளுக்கு முகத்தில் காற்றுப் பட்டதில்லை. எனக்கு அது அன்றுதான் விளங்கியது. நான் அழுதேன். நல்லவேளை உனக்குத் தெரியவில்லை என்று அப்போது நினைத்தேன். உனக்கா தெரியாது!

வித்தியாதரிசி பள்ளிக்கூடம் பார்க்க வந்தபோது தலைமை வாத்தியார் உன்னையும் நாயையும் மேடையில் ஏற்றி இரண்டு சுற்று நடக்கவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு புத்தகம் பரிசு. உனக்கும் நாய்க்கும் ஒன்றுமில்லை.

புரட்டாதிக் கடைசியில் உன் அப்பா நாள் குறித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து உன் வீடு வரை நீயும் நாயும் தனியே வரவேண்டும், ஒரு பிள்ளையும் கூட வரக்கூடாது. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டது. புளியமரத்தடியில் கட்டியிருந்த ஜிம்மியை அவிழ்த்து வளையத்தை உன் கையில் தந்தேன். "நாயை நம்பு. இழுக்காதை, அது போற பக்கம் போ" என்று சொன்னேன். பிறகு, பின்னால் வந்தேன் என்று ஒருவரும் சொல்லக்கூடாதென்று வயல் வரம்பால் குறுக்கே விழுந்து வீட்டுக்கு ஓடினேன்.

குசினிக்குள் அம்மா எனக்காகக் காத்திருந்தா. கையில் அகப்பை.

"குமர்ப்பிள்ளை நாயும் தானுமா றோட்டளந்து திரியிறாள் எண்டு சனம் கதைக்குது. நாளைக்கு ஒரு கலியாணம் எண்டு வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

நாய்ச்சட்டியில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். "எனக்கென்ன ஆசையே? அந்தக் குருட்டியை இழுத்துக்கொண்டு திரிய எனக்கென்ன விசரே? பள்ளிக்கூடத்தில எல்லாரும் பாக்கினம் எண்டுதான் செய்யிறன். அவள் சுன்னாகம் போனால் எனக்குச் சனியன் விட்டுது."

அம்மாவின் வாயை அடைக்கச் சொன்ன கதை என்று எத்தனையோ வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுதும் அப்படி இல்லை. விடிய நாலரைக்கு எழும்பி எழும்பி நான் அலுத்துப்போயிருந்தேன். அதுவும் உண்மை. வேண்டுமானால் அரைவாசி உண்மை.

வாசல் படலையில் டப் டப் என்று ஏதோ அடிக்கும் சத்தம் கேட்டது. சட்டியோடு வெளியே வந்தேன். ஜிம்மியின் வால். பக்கத்தில் நீ, வளையத்தைப் பிடித்தபடி. குசினிக்கும் படலைக்கும் இருபது அடிதான், நடுவில் கிடுகு வேலி.

"நாலு மணியாச்சுது போல" என்றாய்.

அவ்வளவுதான். உன் முகத்தில் ஒன்றும் இல்லை. நாய் உன்னை இழுத்துக்கொண்டு சட்டியடிக்கு வந்து தின்னத் தொடங்கியது. நீ போக நினைத்தாலும் போக முடியாது, அது அசையாது. உன் கையில் பொல்லும் இல்லை. பொல்லுப் பிடித்தால் நாயை நம்பமாட்டாய் என்று நான்தானே பறித்து வைத்திருந்தேன். என் முற்றத்தில் நின்றுதான் ஆகவேண்டும். அம்மா வெளியே வந்து ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, "இரு பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றா.

"வேண்டாம் மாமி. அது திண்டு முடியட்டும்."

மீன்தலையை அது கடித்து நொறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நாய் அவ்வளவு ஆறுதலாக, மெல்ல மெல்லத் தின்று நான் பார்த்ததில்லை. சட்டியை நக்கி முடித்ததும், "நான் கொண்டுபோய் விடுறன்" என்றேன். "உனக்கேன் வீண் சிரமம்?" என்று சொல்லிவிட்டு நீ நாயைத் திருப்பினாய்.

உன் அப்பா ஐந்து மணி வரை படலையில் நின்றாராம். நீ எதிர்ப்பக்கமாக வந்து சேர்ந்தாயாம். நாய் சோற்றுக்குப் போய்விட்டது, ஒரு கிழமை தாருங்கள், நேரத்தை மாற்றிப் பழக்கிவிடலாம் என்று நீ கேட்டிருந்தால் அவர் தந்திருப்பார். அவரே பின்னர் என்னிடம் சொன்னார். நீ கேட்கவில்லை. "எனக்கு ஏலாது அப்பா. காணும்" என்றாயாம்.

மறுநாள் எல்லாரும் நாயைத்தான் திட்டினார்கள். "எங்களைச் சோத்துக்கு வித்துப்போட்டுது" என்று சண்முகநாதன் புளியம் மிலாறால் அதை அடித்தான். எட்டு மாதம் பிள்ளைபோல் வளர்த்தவன், அழுதழுது அடித்தான். அது ஓடவும் இல்லை, என் காலடியில் வந்து படுத்தது. நான் வாய் திறக்கவில்லை. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உன் படிப்பு போனது, நாய் அடி வாங்கியது, நான் மட்டும் நல்ல பிள்ளையாக நின்றேன். தீபாவளிக்கு முன் நீ சுன்னாகம் போனாய். பஸ் ஏறும்போது வளையத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாய் என்று மகேஸ்வரி சொன்னாள். நான் வழியனுப்ப வரவில்லை, காய்ச்சல் என்று படுத்திருந்தேன். காய்ச்சலும் பொய்தான்.

இருபது வருடத்துக்குப் பிறகு சுன்னாகத்தில் உன்னைத் தேடி வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். இரண்டு பிள்ளைகளும் என் கையில். உரலடியில் நின்ற நீ என் காலடிச் சத்தத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டாய். மா இடித்து இடித்து உன் கை காய்த்திருந்தது. நான் அழத் தொடங்க, நீ பேச்சை மாற்றி என் பிள்ளைகளின் தலையைத் தடவினாய். வெளிக்கிடும்போதுதான், நான் கேளாமலே சொன்னாய்:

"நாயைப் பேசாதேங்கோ எண்டு அவையளுக்குச் சொல்லு. அது பிழை விடேல்லை. மதகடியில இடப்பக்கம் திரும்பேக்கையே எனக்குத் தெரியும், உங்கட வீட்டுப் பக்கமெண்டு. மறிச்சிருக்கலாம், நான் மறிக்கேல்லை. தனிய வந்திட்டன் எண்டு முதல் உன்னட்டச் சொல்லிப்போட்டுப் பேந்து வீட்டை போவமெண்டு நினைச்சன்."

எடி, அதை ஏன் எனக்குச் சொன்னாய்? அதைச் சொல்லாமல் என்னைத் திட்டியிருக்கலாமே. நாய் சோற்றுக்கு வந்தது என்ற ஒன்றையாவது எனக்கு மிச்சம் விட்டிருக்கலாமே.

வளையம் இப்போது என் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது. மன்னித்துத் தந்தாயா, மறக்காதே என்று தந்தாயா, எனக்குத் தெரியவில்லை. கேட்க இனி ஆளில்லை. ஜிம்மி நீ போன பிறகும் ஒரு மாதம் நாலு மணிக்கு வந்து படலையில் வாலடித்தது. பிறகு மாங்குளத்தில் மரம் ஏற்றும் லொறிக்காரர் ஒருவர் கேட்க, அம்மா கொடுத்துவிட்டா.

என் பேரப்பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். யாரைப் பற்றியாவது வீட்டில் கதை தொடங்கினால் அப்பம்மா முதலில் எழும்பிப் போய்ப் படலையைப் பார்த்துவிட்டு வருவாவாம். வயதுபோன விசர் என்கிறார்கள். இருக்கட்டும். நேற்றும் உன் தம்பியின் மகள் போன பிறகு, என் மருமகள் உன்னைப் பற்றி, "ஆர் மாமி அவா, கண் தெரியாதவாவே?" என்று கேட்டாள். பதில் சொல்ல முன்னர் நான் எழும்பினேன். படலை சாத்திக் கிடந்தது. நேரம் நாலு மணி.