மூன்று ஓம்

ஜூன் 9, 2025, திங்கள்

தண்டையார்பேட்டைப் பட்டறையில் இன்று நான்கு ஸ்விட்ச் போர்டு முடித்தேன். சாப்பிடும்போது ரோசி என்று ஒரு பெண் போன் செய்தாள். மீன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகம் ஒன்றைக் கல்மண்டபத்தில் நடத்துகிறாளாம். கரண்டு அடுப்பைப் போட்டால் ஃபேன் மெதுவாகிறது, சுவர் சுடுகிறது. ஒயரிங் செய்த தண்டபாணியிடம் சொன்னால் "தெரு லைனே வீக்கு" என்கிறானாம்.

"சர்டிபிகேட்ல உங்க பேருதான் போட்டிருக்கு அக்கா. எழில்மொழி, ஒயர்மேன். அதான் உங்க நம்பரைத் தேடிப் புடிச்சேன்."

அந்த இடத்தில் நான் கால் வைத்ததே இல்லை. பிப்ரவரியில் தண்டபாணி வேன் முன்பக்கத்தில் காகிதத்தை விரித்தான், கையெழுத்துப் போட்டேன். 'சோதித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.' ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு நாங்கள். பொம்பளை ஏணி ஏறுவாளா என்று மற்றவர்கள் சிரித்தபோது முதல் வேலை கொடுத்தவன் அவன். அவன் நீட்டினால் படிக்கவே மாட்டேன்.

ஜூன் 10

போகவில்லை. மழை வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

ஜூன் 11

போனேன். ஒரே கூடம், இருபத்திரண்டு பிள்ளைகள். சளி பிடித்த ஒரு குழந்தை சுவரில் முதுகை ஒட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"கதகதப்பா இருக்குன்னு தினம் அங்கதான் அக்கா படுக்குறா," என்றாள் ரோசி.

முதல் வேலையாகக் குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் போடச் சொன்னேன். அடுப்பு அணைந்திருக்கும்போது பிளக்கில் 228 வோல்ட். அடுப்பைப் போட்டதும் 201. கிளாம்ப் மீட்டரில் 9 ஆம்ப்ஸ். ஓடிப் போய் மெயின் போர்டில் வைத்துப் பார்த்தேன். 228, அப்படியே நிற்கிறது. தெரு லைனில் ஒரு குறையும் இல்லை. காணாமல் போன 27 வோல்ட்டையும் நடுவில் இருக்கும் இருபது மீட்டர் ஒயர்தான் தின்கிறது.

27-ஐ 9-ஆல் வகுத்தால் ஒயரின் தடை மூன்று ஓம். நல்ல செம்புக் கம்பியில் அரை ஓம்கூட வராது. 27-ஐ 9-ஆல் பெருக்கினால் 243 வாட். நூறு வாட் குண்டு பல்பு இரண்டும் நாற்பது வாட் ஒன்றும் சுவருக்குள் எரிகிற மாதிரி. அந்தக் குழந்தையின் முதுகுக்குப் பின்னால்.

மெயினை இறக்கிவிட்டுச் சுவர்ப் பெட்டியைத் திறந்தேன். முறுக்கிச் சுற்றின ஜாயின்ட், டேப் உருகித் தார் மாதிரி வழிந்திருந்தது. அந்த வாடை - பழைய டயரை எரித்தால் வருமே, அது. பிளேடால் கம்பியைச் சுரண்டினேன். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. த்தூ. பிள்ளைங்க தூங்குற எடத்துல போடுற பொருளாடா இது?

மெயினைப் பூட்டிச் சாவியை ரோசியிடம் கொடுத்தேன். வெளியே வந்து சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். அவன் மேல் அருவருப்பு என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு கேள்வி வந்தது. அவன் ஒயரைப் போட்டான். பார்க்காமலே பார்த்ததாக எழுதியது யார்? இதில் எது ரொம்ப கலீஜ்?

ஜூன் 12

தண்டபாணியைப் பட்டறை வாசலுக்கு வரச் சொன்னேன். கணக்கைக் காட்டினேன். சிரித்தான்.

"இன்னா எழிலு, மூணு ஓமுக்குப் போய் பேஜார் பண்ணிகினு கீறே? எவனுக்காவது இன்னாவது ஆச்சா? அந்த ஒரு ஜாயின்ட்ட நாளைக்கு மாத்திக் குடுத்துடறேன், வுடு."

"மத்த இடத்துலயும் இதே ஒயர்தானா?"

வேன் சாவியை எடுத்தான். வேனில் ஏறும்போதுதான் சொன்னான்: "எங்க வேணா போய்ச் சொல்லிக்க. காயிதத்துல கீறது உன் கையெழுத்து. என்து இல்ல."

எத்தனை சுலபமாகச் சொன்னான். இருபது வருஷ சிநேகிதம்.

ஜூன் 13

ஜனவரியிலிருந்து தண்டபாணிக்காக நான் கையெழுத்துப் போட்டவை பதினொன்று. ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

ஜூன் 16, திங்கள்

மின் ஆய்வாளர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். பதினோரு முகவரியும் எழுதி, 'இவற்றில் எதையும் நான் சோதிக்கவில்லை' என்று கீழே கையெழுத்து. அங்கிருந்த எழுத்தர் இரண்டு தடவை படித்தார்.

"உங்க மேலயே நீங்க புகார் குடுக்குறீங்களாம்மா?"

"ஆமா சார்."

"வீட்டுக்குப் போய் யோசிச்சிட்டு நாளைக்கு வாங்களேன்."

நாளைக்கு என்றால் வந்திருக்க மாட்டேன். சீல் வைத்துக் கொடுக்கும்வரை நின்றேன்.

ஜூலை 8

லைசென்ஸ் ஓராண்டுக்கு நிறுத்தம். தண்டபாணியை விசாரிக்கிறார்களாம். கமிஷன் தகராறில் நான் போட்டுக் கொடுத்ததாக அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். பட்டறையில் இரண்டு பேர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை. காப்பகத்தில் வேறு ஆள் வைத்து முழுசாக மாற்றிவிட்டார்கள். அது போதும். போதுமா? இன்னும் பத்து இருக்கிறதே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அத்திப்பட்டு. பத்தில் இது ஆறாவது. ஞாயிறுதோறும் ஒரு வீடு. அளந்து, எது ஆபத்து என்று எழுதிக் கொடுப்பதோடு சரி. மாற்றுவது லைசென்ஸ் உள்ளவர் வேலை.

வீட்டுக்காரி அடைக்கலமேரி. நான் யார், ஏன் வந்திருக்கிறேன் என்று சொன்னதும் வெகுநேரம் கதவை விட்டு நகரவில்லை. அப்புறம் உள்ளே விட்டார். உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை. பக்கத்திலேயே நின்று, நான் கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார். மீட்டரில் வந்த எண்களைத் தானே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். வகுப்பது எப்படி என்று கேட்டார், சொன்னேன். தானே வகுத்துப் பார்த்தார்.

முடிந்ததும் போர்டை மூடப் போனேன்.

"மூடாத. நான் இன்னும் பாக்கணும்."

கையை எடுத்துக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை தள்ளி நின்றேன்.