ரங்கியும் நீயும் காரில் வந்த நாள்

என் அருமை அக்காவுக்கு,

ரங்கி நேற்றுக் காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. நாங்கள் சாமான் கட்டுவதைப் பார்த்துவிட்டாள். உன் தகரப்பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக் கிடக்கிறாள். என் மகள் கமலா குனிந்து குனிந்து கூப்பிடுகிறாள். ஒரு மீசைமயிர்கூட வெளியே வரவில்லை.

ஆமாம் அக்கா, நீலசந்திராவில் இருக்கும் இந்த வீட்டைக் காலி செய்கிறோம். முதலாளி வேலூரில் இன்னொரு மோட்டார் பட்டறை திறக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. ஞாயிற்றுக்கிழமை புறப்பாடு. அதே பழைய கார், அதே சாலை. அன்றைக்கு வந்தோம், இப்போது போகிறோம்.

உன்னை அழைத்து வந்த நாள்தான் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாமா கண்ணை மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவருடைய தம்பிகள் ஆம்பூர் வீட்டைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். முதலாளியிடம் கெஞ்சிக் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். ஒரு கையில் இந்தத் தகரப்பெட்டி, இடுப்பில் ஒரு மூங்கில் கூடை, அவ்வளவுதான் நீ. கூடைக்குள் மாமா மடியில் வளர்ந்த ரங்கி. அவருடைய பழைய வேட்டியால் கூடையின் வாயை மூடி, கயிறு சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாய்.

"மூச்சு முட்டப் போவுதுக்கா, கொஞ்சம் தொறந்து வையேன்" என்றேன்.

"சும்மா இருடா. பூனைய எடம் மாத்தறப்ப வழிய காட்டக்கூடாது. பாத்துட்டுதுன்னா திரும்பி ஓடியாந்துடும்" என்றாய்.

பூனை குறுக்கே போனாலே திரும்பி வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படும் குடும்பம் நம்முடையது. அதில் பூனையை மடியிலேயே வைத்துக்கொண்டு பயணம் புறப்பட்டவள் நீ ஒருத்திதான்.

வாணியம்பாடி வரைக்கும் அவள் கத்திய கத்தலில் எனக்கு ஹாரனே தேவைப்படவில்லை. மாட்டுவண்டிகள் தாமாக ஒதுங்கின. அப்புறம் பயத்தில் உன் புடவையை நனைத்தாள். கிருஷ்ணகிரி தாண்டியதும் குரல் கம்மிப்போயிற்று. நீயோ முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கூடைமேல் கவிழ்ந்தபடியே வந்தாய். வெயிலுக்காக என்று நினைத்தேன். "பூனை கண்ண மூடிக்கினா பூலோகம் இருண்டுடுமாக்கா?" என்று கேலி செய்தேன். நீ சிரிக்கவில்லை.

இனிச் சொல்லப்போவதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சூளகிரி மேட்டில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றது. நனைந்த புடவையை அலச நீ கிணற்றடிக்குப் போனாய். அப்போது என் மனைவி சரோஜாவுக்கு ஆறாம் மாதம். "பிள்ள பொறக்கப்போற வூட்ல பூனை மயிரா? உங்க அக்காவ மட்டும் கூட்டியாங்க" என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கூடையின் முடிச்சை அவிழ்த்தேன் அக்கா. நானேதான். வேட்டியை விலக்கி, கூடையைச் சாலையோரப் புதர்ப்பக்கம் சாய்த்தும் வைத்தேன். தானாக ஓடிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ரங்கி ஓடவில்லை. திறந்த வெளியைக் கண்டதும் அந்தப் பயந்தாங்கொள்ளி கூடையின் அடியில் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டாள். நீ திரும்பி வந்தாய். கயிற்றைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நாந்தான் சரியா கட்டல போலருக்கு" என்று சொல்லி மறுபடியும் கட்டினாய். உன் முடிச்சு என்றைக்கு அவிழ்ந்திருக்கிறது? உனக்குத் தெரியும்தானே? பிறகு ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை?

நீலசந்திரா வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் முக்காட்டை எடுத்தாய். "தல சுத்தலாக்கா?" என்று கேட்டேன்.

"இல்லடா. நானும் வழிய பாக்கல. பாத்தா எனக்கும் திரும்பிப் போவணும்னு தோணும்."

ரங்கி ஒன்பது நாள் கட்டிலடியை விட்டு வரவில்லை. பிறகு சமையலறை வரை வந்தாள். கமலா பிறந்ததும் தொட்டிலடியில் படுத்துக்கொண்டு காவல் காத்தாள். அதற்குப் பிறகு மீன்காரியிடம் ரங்கிக்கென்று தலை கேட்டுச் சண்டை போட்டது யார் என்று உனக்குத்தான் தெரியுமே, சரோஜாதான். அதைப் பார்த்து நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

போன ஆடியில் நோயில் படுத்திருந்தபோது நீ கேட்டாய்: "இங்கருந்து ஆம்பூரு எத்தினி மணி நேரம்டா?"

"ஒலகச் சண்டக் காலம்க்கா, பெட்ரோல் எங்க கெடைக்குது?" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்றாய்.

பட்டறையில் பெட்ரோல் இருந்தது அக்கா. கேட்டிருந்தால் முதலாளி கொடுத்திருப்பார். வேலை முடியட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். அந்த வாரத்திலேயே நீ போய்விட்டாய். இத்தனை வருஷத்தில் நீ வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். முடிச்சை அவிழ்த்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கூடையைத் துடைத்து வைத்திருக்கிறேன். மாமாவின் வேட்டியை அடியில்தான் விரித்திருக்கிறேன். மேலே மூடப் போவதில்லை. "ஓடிடப் போவுதுங்க, மூடிக் கட்டுங்க" என்று சரோஜா பதறுகிறாள். பூனையே வேண்டாம் என்றவள்! ரங்கியின் உடம்பைச் சுற்றி அகலமான நாடா ஒன்று கட்டப்போகிறேன். மறுமுனை கமலாவின் கையில் இருக்கும். முடிச்சை நானே போடுவேன், நீ போடுகிற மாதிரியே. அது அவிழாது. இனி ஒருநாளும் நான் அவிழ்க்க மாட்டேன்.

ஆம்பூரில் உன் தெருவுக்குள் காரைத் திருப்புவேன். உன் வாசலுக்கு எதிரே நிறுத்தி, ரங்கியைத் தூக்கிக் காட்டுவேன். கத்தினால் கத்தட்டும். நீ பார்க்காமல் வந்த வழி முழுவதையும், உனக்கும் சேர்த்து, அவள் பார்த்துக்கொண்டே வரட்டும்.

நீ திட்டாமல் விட்ட தம்பி,
கோவிந்து