உன் உம்மா பேசியதில் அவர்கள் வெட்டிவிட்ட பாதி

மகளே ரக்கியா,

உன் மேலும் மருமகன் இத்ரீஸ் மேலும் இறைவனின் சாந்தி நிறையட்டும். அவன் கருணையால் நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம், நீங்களும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனாவைத் தொடுகிறேன். குளிர் விட்டதும் உன் உம்மாவின் முட்டிவலி பாதி குறைந்துவிட்டது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரிதான். போன் இருக்கும்போது பாபா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். வீட்டில் நின்று போனில் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் உன் உம்மா காதில் விழும். அதனால்தான் மலைமேல் ஆய்வுக்கூடத்துக் காவல் அறையில் உட்கார்ந்து இதை எழுதி, அடுத்த வாரம் பிரஸ்ஸல்ஸ் திரும்பும் எதிர்வீட்டு லஹ்சனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் உன் உம்மாவும் பேசி மூன்று வாரம் ஆகிறது. அன்று நீ என்ன சொன்னாய், அவள் எந்த வார்த்தையில் போனை வைத்தாள் என்று நான் துருவப்போவதில்லை. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் யாரோ தொலைக்காட்சியில் வந்த அந்த வீடியோவைப் போட்டுக் காட்ட எல்லாரும் சிரித்தார்களாம், அது உன் உம்மா என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லையாம், மலைக்காட்டு முட்டாள்கள் என்று நம்மை நினைக்கவைத்துவிட்டாள் என்று நீ அழுதாயாம். இவ்வளவும் இத்ரீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் கோபம் நியாயமோ இல்லையோ, அது போகவேண்டிய இடம் உன் உம்மா இல்லை, நான்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்து சொல்கிறேன். இங்கே நான் பதினாலு வருஷமாகக் காவல் காக்கும் தொலைநோக்கியும் வேறு நாடுகளில் இருக்கும் சிலதும் சேர்ந்து, ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரத்தைச் சுற்றிவரும் புதுக் கோளைக் கண்டுபிடித்தார்கள். அதில் தண்ணீர் இருக்கலாம், உயிர் வாழத் தோதான சூடு இருக்கலாம் என்று எட்டு மணிச் செய்தியில் சொன்னார்கள். மறுநாள் காலை ஊரே என்னைத் தேடி வந்துவிட்டது, ஏதோ நான் ஏணி வைத்து எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த மாதிரி. சந்தையில் கசாப்புக்கடை உமூ என்னை நிறுத்தி, "ஏன் ஹம்மு, அங்க புல்லு முளைக்குமா, ஆடு ஓட்டிக்கிட்டுப் போகலாமா?" என்று கேட்டான். மராகேஷிலிருந்து உன் சித்தப்பா போன் செய்து அதற்கு விசா வேண்டுமா என்றான். வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் இமாம், நாம் தினம் ஓதுவதே அகிலங்களின் இறைவன் என்றுதானே, ஒரு அகிலம் என்றா ஓதுகிறோம், இதில் வாய்பிளக்க என்ன இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டு ஜக்காத் தர்மத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார். இப்படி ஆண்கள் எல்லாரும் ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தோம். பெண்கள் காதில் மட்டும் அந்தச் செய்தியில் ஒரே ஒரு சொல்தான் விழுந்திருக்கிறது, தண்ணீர்.

நம் ஊற்று வற்றியது உனக்குத் தெரியாதா. பனி உருகும் இரண்டு மாதம் கொஞ்சம் கசியும், மற்ற நாளெல்லாம் கீழூர்க் கிணறுதான், போக வர ஒன்றரை மணி நேரம். ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி திங்கள்கிழமைதோறும் நம் ஊர் நடுவே புழுதி கிளப்பிக்கொண்டு ஏறிப்போகும், நிற்காது. ஊரார் கொடுத்த மனு இரண்டு வருஷமாக வட்டார அலுவலகத்தில் கிடக்கிறது. போன தை மாதக் குளிரில் இஸ்ஸா அக்கா உறைபனியில் கேனோடு சறுக்கி விழுந்து இடுப்பு உடைந்ததை நீயும் கேள்விப்பட்டிருப்பாய், இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறாள். இதெல்லாம் மனதில் இருக்கும்போதுதான் அந்தக் கோளைக் கண்டுபிடித்தவர்களுக்குப் பாராட்டு விழா, வட்டாரத் தலைவர் வருகிறார், தொலைக்காட்சி வருகிறது என்று தெரிந்தது. அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது உன் உம்மா எப்போதும்போல ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். பத்து மணிக்குப் பார்த்தால் பன்னிரண்டு பெண்கள் காலிக் கேன்களோடு மலைப்பாதையில் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே சாலையோரம் வரிசையாக நிற்கிறார்கள், முன்னால் உன் உம்மா. நான் சீருடையில் ஓடிப்போய் உன் உம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இத்தோ, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போ, என் வேலைக்கு உலை வச்சிடாதே" என்று கெஞ்சினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ உன் வேலையைப் பாரு, நாங்க எங்க வேலையைப் பார்க்கறோம். நாங்க கூச்சலும் போடல, கல்லும் எடுக்கல, சும்மா நிக்கறோம்" என்றாள்.

அப்போது கார்கள் வந்துவிட்டன. வட்டாரத் தலைவர் கண்ணாடியை இறக்கிப் பெண்களைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. பின்னால் தொலைக்காட்சி வண்டி வருகிறது, அது நிற்பதற்குள் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும் என்று அவருக்கு அவசரம். "ஏய், சீக்கிரம் திற, என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே!" என்றார். நான் சாவியைப் பூட்டில் போட்டேன். அது ஒரு சுற்றில் திறக்கும் பூட்டு, மகளே, போன மாதம்தான் எண்ணெய் போட்டேன். எனக்கு என்ன வந்ததோ, சாவியைத் திருப்பாமல் ஆட்டிக்கொண்டே, "மக்கர் பண்ணுதுங்க, பனியில துரு ஏறியிருக்கு" என்றேன். குனிந்து பூட்டுக்குள் ஊதிவேறு பார்த்தேன், நடிப்பு சரியாகவே அமைந்துவிட்டது. அவர் திட்டினார், டிரைவர் இறங்கிவந்து முயற்சி செய்யட்டுமா என்றான், சாவி உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று அவனைத் தடுத்தேன். இப்படிக் கால்மணி நேரம். பொழுது போகாத தொலைக்காட்சிப் பெண் வண்டியைவிட்டு இறங்கி, பெண்களைப் பார்த்து, உன் உம்மாவிடம் மைக்கை நீட்டினாள். நான் அன்று பூட்டைத் திறந்திருந்தால் நீ பார்த்த வீடியோவே இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பூட்டைப் பற்றி மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, துரு என்றே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

புதுக் கோளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் அம்மா என்று அந்தப் பெண் கேட்டாள். "அங்க தண்ணி இருக்காமே, எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க, கேனெல்லாம் தயாரா இருக்கு" என்றாள் உன் உம்மா. அவர்கள் சிரித்தார்கள், நீ பார்த்தது அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் உன் உம்மா அதோடு முடிக்கவில்லை. கையெட்டும் தூரத்தில் நின்று கேட்டவன் நான், ஒரு சொல் கூட்டாமல் எழுதுகிறேன். "சிரிங்க, பரவாயில்ல. இதைக் கண்டுபிடிச்சவங்களை நான் குத்தம் சொல்லல, அவங்க கண்ணு நல்லா இருக்கட்டும். எனக்கு ஒரு மக. பள்ளிக்கூடத்துல அவதான் முதல். ஊத்து வத்தின வருஷம் நான்தான் அவ பையைப் பிடுங்கி வச்சுட்டுக் கேனைக் கையில குடுத்தேன். ரெண்டு வருஷம் தண்ணி சுமந்தா. அப்புறம் தன்னைவிடச் சின்னதுங்களோட பெஞ்சுல உட்கார்ந்து படிச்சு மேல வந்துட்டா, அது அவ சாமர்த்தியம். நான் செஞ்சது செஞ்சதுதான். இப்ப இங்க ஒன்பது பொண்ணுங்க அந்த வயசுல இருக்கு. அவங்க உம்மாக்களுக்கு அந்தப் பாவம் வேணாம்." இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. தொலைக்காட்சிப் பெண்தான் மைக்கை இறக்கிவிட்டாள். வீட்டில் இத்தனை வருஷத்தில் இதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள் என்பதால்தான் எழுதுகிறேன்.

உள்ளேயிருந்து டாக்டர் நுஸ்ஹா நடந்தே இறங்கி வந்தார், அந்தக் கோளைக் கண்டவர்களில் ஒருவர், ஃபெஸ் ஊர்ப் பெண், உன் வயதுதான் இருக்கும். கேட்டின் அந்தப் பக்கம் நின்று முழுக்கக் கேட்டிருக்கிறார். என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். அதன் பிறகுதான் சாவியைத் திருப்பினேன். அடுத்த திங்களன்று தண்ணீர் லாரியில் டிரைவர் பக்கத்தில் அவரே ஏறிவந்து, நம் ஊர்த் தொட்டி நிரம்பும்வரை வண்டியை நிறுத்திவைத்தார். மூன்று திங்கட்கிழமைகளாக லாரி நம் ஊரில் நின்று தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போகிறது. குழாய் போடுவதாகச் சொல்லி இன்ஜினியர்கள் வந்து பாறைகளில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டுவிட்டுப் போனார்கள், அது எப்போது நடக்குமோ, தண்ணீர் என் கையில் பட்டால்தான் நம்புவேன்.

முதல் லாரி வந்த அன்று நுஸ்ஹா நம் வீட்டில் தேநீர் குடித்தார். அந்தக் கோளில் ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு என்றதும், "அப்ப எப்ப அடுப்பு மூட்டறது, எப்பப் படுக்கறது, அதெல்லாம் குடும்பம் நடத்தற இடமா" என்று உன் உம்மா அதைத் தள்ளிவிட்டாள். நாம் இங்கிருந்து ஒரு வார்த்தை சொன்னால் அது போய்ச்சேர நாற்பது வருஷம், பதில் வர இன்னொரு நாற்பது என்றார் நுஸ்ஹா. உன் உம்மா தேநீரை ஊற்றிக்கொண்டே, "எம்மக பிரஸ்ஸல்ஸ்லதான் இருக்கா, அவளும் அதே கணக்கு வச்சிருக்கா" என்றாள். நுஸ்ஹா சிரித்தார். நான் உன் உம்மாவின் கையைப் பார்த்தேன், தம்ளர் நிரம்பி வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அந்த ஊர்க் குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. லஹ்சனிடம் பாதாம் பருப்பும் உன் உம்மா கடைந்த வெண்ணெயும் கொடுத்திருக்கிறேன், யாருக்கு என்று கேட்காமலேயே கட்டிக் கொடுத்தாள். இறைவன் உன் கைக்குப் பலமும் உன் வீட்டுக்கு நிறைவும் தரட்டும், நாங்கள் கண்மூடுமுன் உன் பிள்ளைகளைக் காட்டட்டும். வியாழக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டில்தான் இருப்பாள், மறக்காமல் கூப்பிடு. எடுத்ததும் திட்டுவாள். குறுக்கே பேசாதே, முழுசாகத் திட்டி முடிக்கட்டும். அதன் பிறகு சாப்பிட்டாயா என்று கேட்பாள்.

உன் நினைவாகவே இருக்கும்
பாபா ஹம்மு