கிழித்துப் போட்ட கடிதத்துக்குப் பதில்

என் அன்புத் தாத்தாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். எனக்குப் பெருமையாக இருக்குமே என்று எதையும் கூட்ட மாட்டேன். உங்களுக்குக் கூச்சமாக இருக்குமே என்று எதையும் மறைக்கவும் மாட்டேன். முப்பத்தைந்து வருடம் கழித்து உங்களுக்கு வருகிற பதில் இது. அதில் உண்மையாவது இருக்க வேண்டாமா?

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் வடிவு, உங்கள் மகன் சிதம்பரத்தின் ஒரே மகள். உங்களைக் கப்பலேற்றியபோது அப்பாவுக்கு நாலு வயதாம். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. கல்கத்தாவில் ஒரு சணல் கம்பெனியில் வருகிற கடிதங்களைப் பிரித்துப் பதில் எழுதும் குமாஸ்தாவாக இருக்கிறார். பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். எனக்குப் பதினான்கு வயது. இன்னும் பள்ளிக்கூடம் போகிறேன். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்திலும் அதைப் பற்றித்தான் கேள்வி.

இதைப் பள்ளிக்கூடத்து வாசிப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளிக் குதிரைவண்டி இரண்டு நடையாகப் பெண்களை வீட்டில் விடும். நான் இரண்டாவது நடை. காத்திருக்கும் நேரத்தில் எழுதிக்கொள்ள ஆசிரியை அனுமதி கொடுத்திருக்கிறார். வீட்டில் எழுத முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் சொல்லக் கஷ்டமானதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் இளைஞர்கள் சிலரைக் கைவிலங்கு போட்டு, காலாபானி என்று இவர்கள் சொல்லும், நீங்கள் போன அதே கைதித் தீவுக்கு அனுப்புகிறார்கள், தாத்தா. தேசத்துக்காகப் போகிறார்கள் என்று எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் அவர்கள்மேல் பக்தி. ஒருநாள் வாய்தவறி உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருக்கும் சுரமா துள்ளிவிட்டாள்.

"ஓமா! உன் தாத்தா காலாபானி போனவரா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே! என்ன, வெடிகுண்டா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லை. மண்வெட்டி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. கால்வாய்த் தண்ணீர் யாருக்கு முறை என்கிற சண்டையில், கையில் இருந்ததால் ஓங்கிவிட்டீர்கள் என்று விளக்கினேன். அன்று முழுவதும் அவள் என்னோடு பேசவில்லை. இறந்தவர் பெயர் சுடலைமுத்து. நம் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கோர்ட்டுக் காகிதத்தில்தான் நான் முதலில் பார்த்தேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவருக்காகவும் ஒரு வீட்டில் வருடந்தோறும் இலை போடுவார்கள் அல்லவா?

உங்களுக்கு நாங்கள் ஆடி மாதத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தோம். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். உங்களுக்கு அது பிடிக்கும் என்று ஆச்சி சொன்னாளாம். பக்கத்தில் ஆச்சிக்கும் ஓர் இலை, அதன்முன் மடித்து வைத்த வெள்ளைச் சேலை. ஏன் ஆடி என்று போன வருடம்தான் கேட்டேன். அப்பாவுக்குப் பத்து வயதாக இருந்தபோது, ஆடியில் ஒருநாள், தீவிலிருந்து உங்கள் சாவுக் கடிதம் வந்ததாம். சாவுக் கடிதம் என்பதற்கு அடையாளமாக மூலையில் கறுப்பு இருந்ததாம். உங்கள் அண்ணன், எங்கள் பெரிய தாத்தா, முறைப்படி வீட்டுக்கு வெளியிலேயே நின்று அதைக் கிழித்துக் கால்வாயில் விட்டாராம். பிறகு முழுகிவிட்டு வந்து, "அவன் போயிட்டான்" என்றாராம். அந்தத் திதியையே உங்கள் திதியாக வைத்துக்கொண்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. "அது கடிதம் வந்த நாள்தானேம்மா? தீவிலிருந்து கப்பலில் வர நாள் ஆகுமே. அப்படியானால் தாத்தா செத்த நாள் எது? எங்கே புதைத்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஏளா, அவியளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாச்சு. நீ என்ன வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேக்க?" என்றாள் அம்மா.

 ஆனால் அப்பா மறுநாளே தீவின் அதிகாரிக்கு ஒரு மனு எழுதினார். எந்த நாளில் இறந்தார், எந்த இடத்தில் அடக்கம் செய்தார்கள். இந்த இரண்டுதான் கேள்வி. அதே பெயரில் பலர் இருப்பதால் கைதி எண் வேண்டும் என்று பதில் வந்தது. கழுத்தில் தொங்கும் மரப்பலகையில் ஓர் எண் எழுதியிருக்குமாமே? அங்கே அதுதான் உங்கள் பெயராமே? பாளையங்கோட்டையில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா பழைய காகிதங்களில் அந்த எண்ணைத் தேடிப்பிடிக்க ஆறு மாதம் ஆயிற்று. எண் கிடைத்ததும் மறுபடி மனு. இரண்டு மனுக்களையும் நான்தான் அழகாகப் படியெடுத்துக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்கிறோம் என்று எனக்கு ஒரே குதூகலம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு மாலையில் பதில் வந்தது. கம்பெனி விலாசத்துக்கு வந்ததை அப்பா பிரிக்காமல் கொண்டுவந்தார். வீட்டுக்குள் வராமல் சந்திலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். கடிதத்தில் என்ன இருக்கும் என்று தெரியும் அல்லவா? சாவுக் கடிதத்தை வாசலுக்கு வெளியேதானே படிக்க வேண்டும்? நான் இறங்கி ஓடினேன். அம்மா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"படிச்சாச்சுன்னா அங்கயே கிழிச்சிப் போட்டுட்டு, காலைக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் முற்றத்திலிருந்து குரல் கொடுத்தார். "கீ ஹோலோ, என்ன ஆச்சு, பாபு? பனியில ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

"வர்றேன் மாஷிமா" என்றார் அப்பா. ஆனால் நகரவில்லை. உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் மூலையில் வட்டமாக ஒரு கறுப்பு முத்திரை. கடல் ஈரத்தில் மை கசிந்து மூலை முழுவதும் பரவியிருந்தது. அவர் கட்டைவிரல் அந்தக் கறையின்மேலேயே நின்றது. பிறகு உறையைப் பிரித்து, காகிதத்தை என்னிடம் கொடுத்து, "நீ படி" என்றார்.

நான் இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னேன். இன்ன எண், கொலைக்குற்றம், ஆயுள் தண்டனை. வந்த ஆறாம் வருடம் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத அனுமதிக்கப்பட்டார். கடிதம் அனுப்பப்பட்டது. பதில் வரவில்லை. மறுவருடம் அனுமதி இருந்தும் எழுத மறுத்தார். பன்னிரண்டாம் வருடம் நன்னடத்தைக்காகத் தனியே குடிசை போட்டு வாழ விடப்பட்டார். நெல் பயிரிட்டார். பதினெட்டாம் வருடம், நவம்பரில் இன்ன தேதி, ஆஸ்பத்திரியில் காய்ச்சலால் இறந்தார். குன்றின் கீழ்ச்சரிவில் கைதிகளின் புதைகாட்டில் அடக்கம். அடையாளம் எதுவும் இல்லை.

"பதினெட்டுன்னு தப்பா எழுதியிருக்காங்கப்பா. ஆறாம் வருஷம்தானே சாவுக் கடிதம் வந்துச்சு?" என்றேன்.

"திரும்பப் படி."

படித்தேன். மூன்றாம் முறையும் படிக்கச் சொன்னார். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அதுவரை நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி.

"அப்பா, ஊர்ல வந்த அந்தக் கடிதத்தை யாருப்பா படிச்சா?"

"யாரும் படிக்கல."

"பெரிய தாத்தா?"

"அவருக்கு எழுத்து ஏது? மூலையில கறுப்பு இருந்துச்சு. அப்புறம் என்ன படிக்க? எனக்கு அப்ப எழுத்துக்கூட்டத் தெரியும். 'நான் படிக்கேன் பெரியப்பா'ன்னு கையை நீட்டுனேன். 'தீட்டுக் காகிதம், தொடாதல'ன்னு கையைத் தட்டிவிட்டாரு." அப்பா உறையைத் திருப்பி என்னிடம் காட்டினார். "அன்னைக்கும் இந்த மூலைதான். இதே கறுப்புதான்."

அது சாவுக் கறுப்பு இல்லை, தாத்தா. ஆபீஸ் முத்திரை. கிழித்தது உங்கள் சாவுச் செய்தியை அல்ல, நீங்கள் எழுதிய கடிதத்தை. அதில் என்ன எழுதியிருந்தீர்கள்? உடம்புக்கு என்ன என்று எழுதினீர்களா? அப்பாவை எழுத்துப் படிக்கப் போடச் சொன்னீர்களா? பதிலுக்கு எத்தனை கப்பல் பார்த்தீர்கள்? மறுவருடம் எழுத மாட்டேன் என்று சொன்னபோது என்ன நினைத்துக்கொண்டீர்கள்? நாங்கள் உங்களை வெறுத்துவிட்டோம் என்றா?

நீங்கள் நெல் நட்டுக்கொண்டிருந்தபோது இங்கே உங்களுக்குத் திதி நடந்திருக்கிறது. பன்னிரண்டு ஆடி மாதங்கள்.

அப்பா சந்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "இந்த ஊருக்கு வேலைக்கு வந்தப்ப எனக்கு இருபது வயசு. அவரு இருந்திருக்காரு. ரெண்டு வருஷம் இருந்திருக்காரு. அந்தக் கப்பல் இங்கேர்ந்துதான போகுது. அதைப் பாக்கக் கூடாதுன்னு நான் ஆத்தங்கரைப் பக்கமே போகல." அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி நடுவில் பிடித்தார். பழக்கம் அப்படி. விரல் நீளம் கிழிந்துவிட்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை, அம்மா செருப்பில்லாமல் பக்கத்தில் நின்றாள்.

"கிழிக்காதீங்க" என்றாள். பிறகு மெதுவாக, "அத்தை எப்ப தவறினாவ?" என்று கேட்டாள்.

"எனக்குப் பதினாலு வயசுல."

"அப்ப மாமா இருந்திருக்காவளே."

அப்பா அவளைப் பார்த்தார்.

"அவிய தாலியைக் கழட்டியிருக்கக் கூடாதுங்க. சுமங்கலியால்லா போயிருக்காவ" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாஷிமா விளக்கோடு வாசலுக்கு வந்தார். என்ன நடந்தது என்று கேட்காமலேயே அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஆச்சியை நான் பார்த்ததில்லை. கடைசி நாலு வருடம் வெள்ளைச் சேலையில் இருந்து, பூ இல்லாமல், பொட்டில்லாமல் போனாளாம். அத்தனையும் ஒரு முத்திரை மையால்.

நான் அன்று தூங்கவில்லை. நான் கேள்வி கேட்காமல் இருந்திருந்தால் அப்பா ஆடியிலேயே நிம்மதியாக இலை போட்டுக்கொண்டிருப்பார். இதை ஆசிரியையிடம் சொல்லி அழுதேன். "கேட்டது தப்பில்லை. கேட்டவள் கூடவே நிற்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார். அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனாலும் நிற்கிறேன்.

இனி நேற்று நடந்தது. உங்கள் நாளுக்குரிய திதியைப் பழைய பஞ்சாங்கம் பார்த்துக் கணித்தோம். கார்த்திகையில் வருகிறது. அதற்கு முதல்நாள் அம்மா என்னை அழைத்துக்கொண்டு காளிகாட் போனாள். கோயில் சந்துக் கடையில் சிவப்புச் சேலை ஒன்று எடுத்தாள். குங்குமம் கேட்டதற்குக் கடைக்காரர் சிந்தூரத்தை நீட்டினார்.

"இது இல்லளா, நம்ம குங்குமம் கேளு" என்றாள் அம்மா.

"மா, இங்கே எல்லாப் பெண்களும் இதைத்தான் புருஷனுக்காக வைப்பார்கள்" என்றார் கடைக்காரர் வங்காள மொழியில். நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா சிந்தூரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப குடுக்கச் சொல்லு" என்றாள்.

நேற்று இரண்டு இலை போட்டோம். உங்களுக்கு உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், முதல்முறையாகச் சரியான நாளில். ஆச்சியின் இலைக்கு முன்னால் சிவப்புச் சேலை, மஞ்சள், பூ, அந்தச் சிந்தூரம். வெள்ளைச் சேலையை எடுத்துவிட்டோம். அப்பா விழுந்து கும்பிட்டு நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. மூன்றாவதாக ஓர் இலை போடலாமா என்று கேட்டேன், சுடலைமுத்துவுக்கு. அம்மா கோபிப்பாள் என்று நினைத்தேன். "அது அவிய வீட்டு உரிமை. நாம கும்பிட்டுக்குவோம்" என்றாள். கும்பிட்டோம்.

தீவிலிருந்து வந்த கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுவர அம்மாவுக்கு இன்னும் மனம் வரவில்லை. கிழிக்கவும் மனம் வரவில்லை. "பள்ளிக்கூடத்துல வச்சுக்கோ" என்றார் அப்பா. அதனால் அது என் மேசை இழுப்பறையில், பூகோளப் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு இதை அனுப்பலாம் என்றும் அப்பா சொன்னார். கடல் கடந்து போனவர்கள் நம் வீட்டில் மட்டுமா இருந்தார்கள்? எந்த வாசலில் எந்தக் கடிதம் படிக்காமல் கிடக்கிறதோ?

உங்களுக்கு வருடத்துக்கு ஒரு கடிதம்தானே அனுமதி? நானும் வருடத்துக்கு ஒன்று எழுதுவேன், ஒவ்வொரு கார்த்திகையிலும். நான் எந்த ஊரில், யார் வீட்டில் இருந்தாலும் எழுதுவேன். ஒருநாள் அந்தக் கப்பலில் ஏறி வந்து, குன்றின் கீழ்ச்சரிவில் நின்று, எல்லாவற்றையும் உரக்கப் படிப்பேன். எந்த இடம் என்று தெரியாவிட்டால் என்ன? சரிவு முழுவதும் கேட்கிற மாதிரி படிக்கிறேன்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. மணி ஆகிவிட்டது என்று தர்வான் வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆட்டுகிறார். இன்னும் ஒரே ஒரு வரி என்றேன். சிரித்துக்கொண்டே மின்சார விளக்குகளை அணைத்துவிட்டார். இந்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது, தாத்தா.

இப்படிக்கு,
உங்கள் மகன் சிதம்பரத்தின் மகள்,
உங்கள் பேத்தி வடிவு