இரவல் ஞாபகம்

சாம்பல் புதனுக்கு மறுநாள்

இன்று ஊரே சிரித்தது. காரணம் நான். புதிதில்லை.

லிங்கன் நகரத்திலிருந்து வந்த அரசாங்க அதிகாரி கோயில் வாசலில் எங்களை வரிசையாக நிறுத்தி வயது கேட்டார். சாட்சி சொல்கிறவனுக்கு நாற்பதாவது ஆகியிருக்க வேண்டுமாம். என் முறை வந்ததும் "நாற்பதுங்க" என்றேன், கணீரென்று. பக்கத்தில் நின்ற மாமனார் ஆஸ்பெர்ட், "பழைய ராஜா செத்தப்பவும் நாற்பதுதானே மாப்பிள்ளை?" என்றார். அதிகாரி கூடச் சிரித்துவிட்டார்.

தன் வயதே தெரியாத மெழுகுதிரிக்காரன் இன்னொருத்தியின் வயதுக்குச் சத்தியம் செய்யப் போகிறேன்.

பெரிய வீட்டு அமிசியா அம்மா பிறந்தது மெழுகுதிரித் திருநாளுக்கு முந்தின நாள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. எந்த வருஷம்? அதுதான் வழக்கு. பதினாறு முடிந்திருந்தால், அப்பா விட்டுப்போன நிலத்துக்கும் தனக்கும் அவளே எஜமானி. பதினைந்துதான் என்றால், காப்பாளர் ஃபுல்க் பிரபு ஈஸ்டர் கழிந்ததும் அவளைத் தன் அண்ணனுக்குக் கட்டிவைப்பார். அந்த அண்ணன் மூன்று மனைவிகளை அடக்கம் செய்தவர்.

தவக்காலத்து முதல் ஞாயிறு

பூசை முடிந்ததும் சாட்சிகள் எல்லோரும் மாமனாரின் மாவு ஆலையில் கூடினோம். அவளுக்குப் பதினாறு என்று ஊருக்கே தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அதிகாரியோ ஒவ்வொருவனையும், "உனக்கு எப்படித் தெரியும்? அன்று உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்பார். ஆகவே ஞாபகங்களைப் பங்கு பிரித்தோம்.

"கால் ஒடிஞ்சது என்னோடது. வேற யாரும் கை வைக்காதீங்க" என்றான் கொல்லன் ஹாமோ.

"எந்தக் காலுடா?"

"அன்னைக்குப் பார்த்துக்கலாம்."

மாமனார் வைக்கோல் போர் எரிந்ததை எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். "நீ மெழுகுதிரி தூக்கிட்டு ஞானஸ்நானத்துக்கு வந்தே. கோயில் வாசல்ல பனிக்கட்டி வழுக்கி, முட்டி பேந்துச்சு. எல்லாரும் சிரிச்சோம். உனக்குன்னே அளவெடுத்தது மாதிரி இருக்கு மாப்பிள்ளை."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்.

திங்கள்

வலது கையை நற்செய்திப் புத்தகத்தின் மேல் வைத்து, விழாத பனியில் விழுந்தேன் என்று சொன்னால் கை என்ன ஆகும்? கோயில் சுவரில் நரகத்தை வரைந்திருக்கிறார்கள். பொய்ச் சத்தியக்காரன் இடது ஓரத்தில் நாக்கில் தொங்குகிறான். என் சாயல்தான். இத்தனை வருஷம் கவனிக்கவில்லை.

புதன்

ஃபுல்க் பிரபுவின் காரியக்காரன் ஓட்டோ கடைக்கு வந்தான். எதுவும் வாங்கவில்லை. ஒரு திரியை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"நல்லாப் பத்திக்குமில்ல இது?"

"வெளிச்சத்துக்குத்தானே ஐயா."

"கூரையும் வெளிச்சம் தரும், வைமண்ட். ஞாபகசக்தி ஜாஸ்தியா இருக்கிறவன் வீட்டுக் கூரைன்னா இன்னும் நல்லாத் தரும்."

போன பிறகு தெரிந்தது: நான் கும்பிட்டபடியே நின்றிருக்கிறேன். எங்கள் கூரை வைக்கோல். உள்ளே மனைவி மௌடும் மகள் ஹாவிஸும் இருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்ததா? நான் கேட்கவில்லை.

கிரகோரியார் திருநாள்

அமிசியா அம்மாவே வந்துவிட்டாள். ஹாவிஸைவிட அரை விரல் உயரம், அவ்வளவுதான். குழந்தை.

"எனக்கு எத்தனை வயசுன்னு எனக்கே தெரியலை வைமண்ட். நான் பிறந்தப்ப நான் அங்கேதான் இருந்தேன். ஆனா என் சாட்சி செல்லாதாம்."

சிரித்தாள்.

"உங்களுக்கு நல்லா ஞாபகமிருக்கா?"

"இருக்குங்க சின்னம்மா. பனியில விழுந்தேன்" என்றேன்.

கிரகோரியார் கழிந்த சனி

பயமாக இருக்கிறது. இதை எழுதினால் குறையுமோ என்று எழுதுகிறேன்.

முட்டி வலிக்கிறது. காலையிலிருந்து. ஆலையிலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் இப்போது அந்தப் பனிக்கட்டி கண்ணில் தெரிகிறது — ஓரத்தில் மஞ்சள், நடுவில் ஒரு இலை. விழுந்தேனா? விழவே இல்லையே! அது மாமனார் கொடுத்தது. அந்த இலையை யார் கொடுத்தார்கள்?

ஒரு வாரத்தில் இப்படி ஒன்று எனக்குள் குடியேறலாம் என்றால், மற்றதெல்லாம் யாருடையது? என் அப்பா என்னைத் தோளில் வைத்து ஆற்றைக் கடந்தது? மடத்தில் எழுத்துக் கற்ற இரண்டு குளிர்காலங்கள்? யாராவது சொல்லிக் கேட்டதாக இருந்தால் — நான் யார்? ஊரார் சேர்ந்து பிடித்துவைத்த உருவமா?

மௌடிடம் சொன்னேன். முதுகைத் திருப்பியபடியே திரி முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஊர்க்காரங்க ஞாபகம் உங்களுக்கு எதுக்கு? அந்த நாள்ல உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கே" என்றாள். எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். ஆட்டுக்கு ஏற்கெனவே தண்ணீர் வைத்திருந்தது.

அவள் இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

ஞாயிறு

சொல்ல முடியாது. விழுந்ததையே சொல்லிவிடுகிறேன்.

மங்கள வார்த்தைத் திருநாளுக்கு மறுநாள்

விசாரணையில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளைக்கே இதுவும் வேறு மாதிரி ஆகிவிடலாம்.

ஹாமோ முதலில் போனான். ஒடிந்த காலைக் காட்டச் சொன்னார்கள். வலதைக் காட்டினான். ஃபுல்க் பிரபுவின் வக்கீல், "எந்த வருஷம் ஒடிந்தது?" என்றான். ஹாமோ இடதைக் காட்டினான். மாமனாரின் வைக்கோல் எந்த வருஷத்து வைக்கோல் என்று கேட்டபோது அவரும் விழித்தார். அமிசியா அம்மா தூணோரம் நின்றிருந்தாள். உதட்டில் ரத்தமே இல்லை.

என் முறை. கையைப் புத்தகத்தில் வைத்தேன். ஓட்டோ என்னைப் பார்த்து, மெதுவாகக் கூரையைப் பார்த்தான். பனிக்கட்டி தயாராக இருந்தது, இலையோடு. வாயைத் திறந்தேன்.

"அன்னைக்கு எங்க பையன் ராஃபைப் புதைச்சோம்" என்றேன்.

அதிகாரி மேலே சொல்லச் சொன்னார்.

"கோயிலுக்குப் புது மணி மாட்டின குளிர்காலம். அந்த மணி முதல் முதலா சாவுக்கு அடிச்சது எங்க பையனுக்குத்தான். அதே காலையில சின்னம்மா ஞானஸ்நானத்துக்கும் அடிச்சாங்க. பெரிய வீட்டுக் குழந்தை முதல்ல உள்ளே போகட்டும்னாங்க. நாங்க வாசல்ல பெட்டியோட நின்னோம். குழந்தை அழுற சத்தம் வெளியே கேட்டுச்சு. மௌட் அதைக் கேட்டுட்டே நின்னா."

மணி வந்த வருஷம் எது என்று அதிகாரி பங்குச் சாமியாரைக் கேட்டார். சாமியார் யோசிக்கவே இல்லை. மணியின் விளிம்பிலேயே வார்த்திருக்கிறதாம். ஆள் ஏறிப் பார்த்து வந்தான்.

பதினாறு முடிந்துவிட்டது.

வியாழன்

கூரை இருக்கிறது. தலைமாட்டில் வாளித் தண்ணீர் வைத்துப் படுக்கிறேன். காலையில் அதிலேயே கால் வைத்தேன்.

குருத்தோலை ஞாயிறு

ஓட்டோ ஊரைவிட்டுப் பிரபுவோடு போய்விட்டான் என்கிறார்கள். வாளியை எடுக்கவில்லை.

அமிசியா அம்மா ராஃபின் பேருக்கு மாதா பீடத்தில் ஒரு திரி கேட்டு ஆள் அனுப்பினாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையைத் தலை முதல் கால் வரை நூலால் அளந்து, அந்த நீளத்துக்குத் திரி செய்து நேர்ந்துகொள்வது எங்கள் வழக்கம். அன்று ராஃபை நானும் அளந்தேன். நேர்ந்துகொண்டேன். திரி எரிந்தது. அவன் போய்விட்டான்.

இன்று நூலை இழுத்து வெட்டினேன். அளவுகோலை எடுக்கவில்லை. கை தானாக நின்றது. மௌட் அதைப் பார்த்தாள். வாங்கி மடியில் நீட்டி வைத்துக்கொண்டாள். வெளியே ஹாவிஸ் எதற்கோ சிரித்தாள்.

"அவ சிரிச்சா அப்படியே ராஃப் முகம்தான், இல்லீங்க?"

"ஆமாம்" என்றேன்.

அவன் முகம் எனக்கு ஞாபகமில்லை, மௌட். நீளம் மட்டும்தான் இருக்கிறது.