குடிதான் என்று சொன்னேன்

தம்பி,

இன்று காலை பீரோவைக் காலி செய்தபோது அப்பாவின் பத்திரங்களுக்கு நடுவிலிருந்து உன் காகிதம் கீழே விழுந்தது. எட்டாக மடித்தது. பாச்சை உருண்டை வாடை ஏறி, மடிப்புகளில் இற்றுப்போயிருக்கிறது. தட்டச்சில் நான்கே வரிகள். உட்காதில் நோய், எப்போது வேண்டுமானாலும் தலை சுற்றும், விமானம் ஓட்ட இனித் தகுதியில்லை. அடியில் டாக்டர் கையெழுத்து. வேறு வேலைக்குப் போனால் கேட்பார்கள், பத்திரமாக வை என்று என்னிடம் கொடுத்தாய். பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.

நீ வடக்கே விமானம் ஓட்டப் படிக்கப் போன பிறகு, அதைச் சொல்லாமல் நான் ஒரு கெஜம் துணி கிழித்ததில்லை. ரத வீதியில் என் ஜவுளிக்கடைக்கே உன்னால் ஒரு பவிசு வந்திருந்தது. எட்டே மாதத்தில் டிரங்குப் பெட்டியோடு நீ திரும்பி வந்து நின்றபோது, உடம்புக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டேன்.

பிறகுதான் நீ சொன்னாய். மேலே பறந்துகொண்டிருந்தபோது பூமி திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்து சுழன்றதாம். எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லையாம். உடனிருந்த வாத்தியார்தான் விமானத்தைத் தன் கைக்கு வாங்கி இறக்கியிருக்கிறார். வெயில் சேரவில்லை என்று அவர் விட்டுவிட்டார். நீதான் நேரே டாக்டரிடம் போய், இதற்கு முன்பும் இரண்டு தடவை இப்படி வந்தது என்று சொல்லியிருக்கிறாய். நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டார்கள், காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கண்ணைப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

“யாருக்கும் தெரியாதத நீயா ஏம்லே போய்ச் சொன்ன?” என்று கத்தினேன்.

“நாளைக்கு எம் பின்னால ஒருத்தன் நம்பி ஒக்காந்து வருவாம்லா அண்ணே. அவனயும் சேத்து நான் கொல்லுததா?”

அந்தப் பதிலுக்காக ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை.

அப்போது நம் தங்கை செண்பகத்துக்கு வாசுதேவநல்லூரில் சம்பந்தம் பேசியிருந்தது. வயலும் தோப்புமாக இருந்த குடும்பம். பெண்ணின் அண்ணனுக்குத் தலையில் சீக்கு என்று காதில் விழுந்தால், நாளை அவள் பிள்ளைகளுக்கும் வரும் என்று விலகிவிடுவார்கள். அதனால் உனக்கு லீவு என்று ஊரில் சொல்லி, கடை மாடியில் உன்னை இருக்கவைத்தேன். சுற்றல் வந்தால் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடப்பாய். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு. வாந்தி எடுப்பாய். பிறகு நான்கைந்து நாள் ஒன்றுமே இருக்காது. ஒன்றும் இல்லாத நாளிலும் உன்னை நான் கீழே விடவில்லை.

கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, மாப்பிள்ளையின் பெரியப்பா கடையில் உட்கார்ந்து புடவை பார்த்துக்கொண்டிருந்தார். நீ தபால் போட இறங்கிப் போனது எனக்குத் தெரியாது. தெருவில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், ஒரு குதிரைவண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நீ வாந்தி எடுக்கிறாய். மதுவிலக்கு வந்த புதிது. தள்ளாடுகிறவன் எவனும் தப்ப முடியாத காலம். போலீஸ் ஏட்டு உன்னைக் கைத்தாங்கலாக இழுத்துவந்து கடைப் படியில் உட்காரவைத்தார். குனிந்து உன் வாயை முகர்ந்து பார்த்தார்.

“வாடை ஒண்ணும் அடிக்கல அண்ணாச்சி. தம்பிக்கு ஏதும் சீக்கா?”

பெரியப்பா புடவையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் கல்லாப்பெட்டிக்குள், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

“சீக்கெல்லாம் கெடயாது. குடிதான்” என்றேன்.

நீ கண்ணைத் திறந்தாய். பெரியப்பாவின் மடியில் இருந்த புடவையைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய். உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“ஆமா. குடிச்சேன்.”

கோர்ட்டிலும் அதையே சொன்னாயாம். நான் வரவில்லை. இரண்டு மாதம் போட்டார்கள். எந்த வீட்டில்தான் ஒருத்தன் குடிக்கவில்லை, சீக்கு என்றால்தான் யோசித்திருப்போம் என்று பெரியப்பா பெருந்தன்மையாகச் சொன்னார். நீ உள்ளே இருக்கும்போதே கல்யாணம் நடந்தது.

விடுதலையாகி வந்தவனை வீட்டுக்கு வரவிடாமல் ரயிலடியிலேயே நிறுத்தினேன். உன் பெட்டியையும் விருதுநகருக்கு ஒரு டிக்கெட்டையும் கையில் கொடுத்தேன். சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்றேன். தூணைப் பிடித்துக்கொண்டு, “செம்பகம் நல்லாயிருக்காளா?” என்று மட்டும் கேட்டாய். ரயில் நகரும்வரைகூட நான் நிற்கவில்லை.

அங்கே ஒரு மில்லில் கணக்கு எழுதினாய். நீ தங்கியிருந்த மாடியின் சொந்தக்காரர் எனக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். உங்கள் தம்பி அடிக்கடி தள்ளாடுகிறார், கேட்டால் காது வியாதி என்கிறார், ஜெயிலுக்குப் போனவர் என்றும் சொல்கிறார்கள், எது நிஜம் என்று கேட்டிருந்தார். அதற்கு நான் பதில் போடவில்லை. மூன்றாம் மாதம் அடுத்த கார்டு வந்தது. காலையில் மாடிப்படியில் விழுந்திருக்கிறாய். தெளிந்தால் தானே எழுந்து போவான் என்று மத்தியானம்வரை உன்னைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

செண்பகத்திடம் நான் எதையும் சொல்லவில்லை. குடித்து அழிந்தாய் என்றுதான் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். குடும்ப மானத்தை வாங்கியவன் என்று உன் படத்தைக்கூடத் தன் வீட்டில் மாட்டவில்லை.

இன்று மத்தியானம் மகளோடு வந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயது, உன்னைப் பார்த்ததே இல்லை. சாப்பிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, “ஏட்டி, சின்ன மாமா எப்படி நடப்பாரு? பெரிய மாமாவுக்கு நடந்து காட்டு” என்றாள் செண்பகம். குழந்தை எழுந்து, காலை அகட்டி வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, சுவரைத் தேடிக் கையை நீட்டியபடி கூடத்தின் குறுக்கே நடந்தாள். அப்படியே உன் நடை; கல்யாணத்துக்கு முன் பார்த்ததை வைத்துச் செண்பகம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வீடே சிரித்தது.

“ஏண்ணே, நீ சிரிக்கல?” என்றாள் செண்பகம்.

சிரித்தேன்.